பச்சைப் பொத்தானும் கிழங்கான் மீனும்

நொச்சிக்குப்பத்து மீன் மார்க்கெட்டில் தேவானையின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. இருபத்தெட்டு வருஷமாக மயிலாப்பூருக்கு மீன் விற்றவள். மார்பில் வந்த புற்று எலும்பு வரை பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னபோதுகூட, "ஒயிக்க முடியாதா? சரி, அடக்கியாவது வெச்சிக்கலாம்ல?" என்று கேட்டவள். அடக்கலாம் என்றார் டாக்டர். அதற்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும், உடம்பு அதைத் தாங்க வேண்டும்.

உடம்புதான் தாங்கவில்லை. நாற்பத்தெட்டு கிலோ இருந்தவள் நாற்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டாள். இன்னும் இறங்கினால் அடுத்த மருந்தைத் தள்ளிவைக்க வேண்டியதுதான் என்றார்கள். தள்ளிப்போனால் நோய் சும்மா இருக்குமா? தேவானை அன்றைக்குத்தான் பயந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் அது குரலில் கேள்வி கேட்கும். ஆமாம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. வாந்தி, வாய்ப்புண் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்கும். அதற்கு மட்டும் தேவானை நாள் தவறாமல், கொஞ்சம் பெருமையோடு, பச்சையை அமுக்கினாள். அந்தப் பதில்களை ஆஸ்பத்திரியில் பார்த்துவந்த சத்துணவு நிபுணர் மாளவிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறவளுக்கு எடை எப்படி இறங்கும்? வீடியோவில் கூப்பிட்டாள்.

"தேவானைம்மா, தினம் புரதம் எடுக்கறதா பதில் வருதே. என்ன சாப்பிடறீங்க?"

"கஞ்சித் தண்ணிதாம்மா. ஒரு மண்டலம் மீன் துன்றதில்லன்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினு கீறேன். தெனம் வெரதம்தான். அதான் பச்சைய அமுக்குறேன்."

மாளவிகாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. "விரதம் இல்லம்மா. புரதம். உடம்பத் தேத்தற சத்து. பருப்பு, முட்டை, மீன்."

"மீனா?"

"மீன்தான்."

கவுச்சி ஆகாது, கட்டி வளரும் என்று அக்கம்பக்கத்தார் ஓதியதை நம்பி எடுத்த விரதம் அது. பிள்ளை பெற்ற பெண்களுக்கெல்லாம் உடம்பு தேறக் கிழங்கான் மீன் பொறுக்கிக் கொடுத்தவள் தன் வயிற்றைக் காயப்போட்டிருக்கிறாள். தேவானைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன்னையே திட்டிக்கொண்டாள், அதுவும் தெருவுக்கே கேட்கும்படி.

ஆனால் வேண்டுதலை என்ன செய்வது? மறுநாள் கோயிலில் போய் நேருக்கு நேர் நின்றாள்.

"ஆத்தா, தெரியாம வேண்டிக்கினேன். மீனுக்குப் பதிலு வெத்தலபாக்க உட்டுடறேன். உசுரு கீற வரிக்கும் தொடமாட்டேன்."

வெற்றிலை போடாமல் அவள் ஒருநாளும் வியாபாரத்துக்கு உட்கார்ந்ததில்லை. அம்மன் மறுப்பொன்றும் சொல்லவில்லை.

மகள் மேகலா கிழங்கானை ஆவியில் வேகவைத்து, முள் எடுத்து, குழைந்த சோற்றில் பிசைந்து கொடுத்தாள். முதல் நாள் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. குமட்டல் அடங்கும் நேரமாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்படி மாளவிகா போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். நாலாம் நாள் கிண்ணம் காலி. அதைப் படம் பிடித்து மாளவிகாவுக்கு அனுப்பச் சொன்னாள் தேவானை.

மருந்து நாள் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு எடை இயந்திரத்தில் ஏறியவள் கீழே பார்க்கவே இல்லை.

"நாப்பத்திரெண்டரை" என்றாள் நர்ஸ்.

மேகலா அழுதாள். தேவானை அழவில்லை. மருந்தேற்றும் நாற்காலியில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கையை நீட்டினாள்.

"ஏத்தும்மா. நான் துன்னு தேத்துன ஒடம்பு. தாங்கும்."