ஸ்டோர் ஐயாவின் பாதிக் கணக்கு

ராஜமாணிக்கம் என்ற பெயரை ஒச்சம்மா முதன்முதலில் கேட்டது கச்சால் தீவின் ஜெட்டியில். கப்பலில் எடுத்த வாந்தி இன்னும் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்த நேரம். சிலோன் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கல்யாணமான கையோடு இந்தியாவுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டு, இந்தியா என்றால் தாத்தா சொன்ன உசிலம்பட்டிப் பக்கம் என்று நம்பி வந்தவளை, அரசாங்கம் நடுக்கடலில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிட்டது. தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவளிடம், முந்தின கப்பலில் வந்து அதற்குள் அனுபவஸ்தியாகிவிட்ட ஒருத்தி, மாமியாருக்குச் சித்தி மகள் முறை, குனிந்து சொன்னாள்.

"அரிசி எல்லாம் இருக்குடி. ஆனா ஸ்டோருல ராஜமாணிக்கம்னு ஒரு ஆளு இருக்கான். கவருமெண்டு முழுசா அனுப்புது, அவன் பாதிதான் குடுப்பான்."

"மீதிய வித்துப்புடுவானா சின்னம்மா?"

"வித்தாலாவது மனுசன்னு சொல்லலாம். பூட்டி வச்சு, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, பாத்துக்கிட்டே இருக்கான்."

அது உண்மைதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஸ்டோர் கிளார்க்காக வந்த ராஜமாணிக்கத்துக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கொள்கை முளைத்துவிட்டிருந்தது. எதையும் முழுதாகக் கொடுக்கக் கூடாது. அரிசியில் பாதி, மண்ணெண்ணெயில் பாதி. மண்வெட்டி கேட்டால் இந்த மாதம் காம்பு, அடுத்த மாதம் இரும்பு. மீதி எல்லாம் ரிசர்வ். அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் கோயிலுக்குள் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்வார். லயத்துச் சனம் அவரை ஏசாத ஏச்சில்லை. ஒச்சம்மாவின் நாத்தனார் செல்லம், புருஷனுக்கு நேர் இளையவள், அந்த ஏச்சுக்குத் தலைமை தாங்கினாள். அவள் வாய் அப்படி.

பிறகு ஒரு மழைக்காலத்தில் கப்பல் வரவில்லை. கடல் பொங்கிக்கொண்டே இருந்தது. பானைகள் எல்லாம் காலியான பிறகு ராஜமாணிக்கம் ஸ்டோர் கதவைத் திறந்தார். உள்ளே மீதிப் பாதி இருந்தது. செல்லத்தின் கைக்குழந்தை அன்பழகன் அந்த அரிசிக் கஞ்சியில்தான் பிழைத்தான். ஏசிய வாயாலேயே செல்லம் அவரை ஸ்டோர் ஐயா என்று கும்பிட ஆரம்பித்தாள்.

அந்த ஒரு மழைக்காலத்தில் ராஜமாணிக்கம் செய்தது சரியாகிப் போயிற்று. கஷ்டம் என்னவென்றால், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க அவர் சரியாகவே இருந்துவிட்டார்.

மூன்று பேரும் கிழடாகி மறுபடி ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தது வேறொரு தீவின் பாம்பூஃப்ளாட்டில், அந்திநிழல் முதியோர் இல்லத்தில். மெயின்லேண்டில் வேலை கிடைத்துப் போன அன்பழகன், பெற்றவளையும் அத்தையையும் சேர்த்தே கொண்டுவந்து விட்டுப் போனான். ஒரே அறை, எதிரெதிர்க் கட்டில். லயத்தின் ஒற்றையறைக் காம்பராவில் தொடங்கிய மதினி நாத்தனார் சண்டை ஒரு நாள் விடுமுறை இல்லாமல் அங்கேயும் நடந்தது. அப்புறம் மனைவி போய்ச் சேர்ந்ததும் ராஜமாணிக்கம், ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் வந்தார். பாட்டில் வெகுநாள் காலியாக இருக்கவில்லை.

முதியோர் இல்லத்தில் யாருக்காவது ஏதாவது ஒன்று பிடித்துக்கொண்டே இருக்கும். ஒருவருக்கு மூத்திர எரிச்சல், ஒருவருக்கு நெஞ்சுச் சளி, ஒருவருக்கு ஆறாத கால் புண். டாக்டர் மாத்திரை எழுதுவார். கொஞ்சம் குணம் தெரிந்ததும் ராஜமாணிக்கம் கட்டிலருகே வந்து நிற்பார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"தேவலாங்கய்யா."

"பெறகு எதுக்கு முழுங்குதீய? மருந்து என்ன மிட்டாயா? மீதிய ரிசர்வ்ல போடுங்க. நாளைக்குக் கப்பல் வரலைன்னா இந்த ராஜமாணிக்கத்தத்தான தேடுவீய."

இப்போது விமானமே தினம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகிறது. ஆனாலும் தீவில் காலம் தள்ளியவர்களுக்குக் கப்பல் வராது என்ற பேச்சு எலும்பில் இறங்கிய பேச்சு. கட்டிலுக்கடியில் வெங்காயம் சேர்த்து வைத்துத்தான் எல்லோருமே தூங்கினார்கள். பக்கத்து அறைப் பெங்காலிக் கிழவிகூட முதலில் "நஹி நஹி" என்று கையை ஆட்டிவிட்டு, யோசித்துப் பார்த்து, மீதி மாத்திரையை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். பாட்டில் நிறைந்தது. டாக்டரிடம் போக அலுப்புப்பட்டவர்களுக்கு அதிலிருந்தே இஷ்யூ நடந்தது. மஞ்சள் மூத்திரத்துக்கு, சிவப்பு நெஞ்சுக்கு, இரண்டு கலர் கலந்திருந்தால் எதற்கும் ஆகும். அதிலும் பாதிதான் கொடுப்பார்.

நர்ஸ் ஷோபனாவுக்கு இது தெரியாது. வண்டூரிலிருந்து பஸ்ஸும் ஃபெர்ரியும் மாறி வருகிறவள், வந்ததும் சமையலுக்கு அரிசி அளப்பதும் அவள்தான், கரண்ட் பில் கட்டுவதும் அவள்தான். மிச்ச நேரத்தில் நர்ஸாக இருந்தாள். "மாத்திரை முடிச்சாச்சா?" என்று கேட்பாள். எல்லோரும் நல்ல பிள்ளைகளாகக் காலி அட்டையைக் காட்டுவார்கள்.

இல்லத்தின் தலைவர் பெரியதம்பி, ஜெட்டி கான்ட்ராக்டர். ஒச்சம்மா கணக்குப்படி, கச்சாலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பழனியாண்டியின் தங்கை பேரன். அவருக்குச் சுகாதாரத்தில் அக்கறை அதிகம், கல்வெட்டில் அதைவிட அதிகம். வாசலில் கை கழுவும் தொட்டி கட்டினார். தொட்டியைவிடக் கல்வெட்டு அகலம். திறப்பு விழாவில், மூக்கைத் துடைத்த கைக்குட்டையைப் பையில் போட்டுவிட்டு, எல்லாக் கிழவர்கள் கையையும் பிடித்துக் குலுக்கி, எல்லாக் கிழவிகள் வாயிலும் தன் கையாலேயே லட்டு ஊட்டி, ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க இல்லம் இருமியது. தொட்டிக்கு வந்த தண்ணீரோ முறை வைத்து வரும் தண்ணீர். வீணாகக் கூடாது என்று ராஜமாணிக்கம் குழாய்களின் திருகுகளைக் கழற்றிப் பெட்டியில் ரிசர்வ் வைத்தார். சோப்பையும் அப்படியே. இன்ஸ்பெக்‌ஷனுக்கு யாராவது வந்தால் எடுத்துக் கொடுப்பார்.

இந்த நிலையில்தான் செல்லத்துக்கு மூத்திர எரிச்சல் வந்தது. பாத்ரூம் தூரம், தரை வழுக்கும் என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்ததில் வந்த வினை. மாத்திரை எழுதினார்கள். பாதி தின்றாள், நின்றது, மீதி பாட்டிலுக்குப் போயிற்று. திரும்ப வந்தது. பாட்டிலிலிருந்து யாருடையதோ மஞ்சள். நின்றது. மறுபடி வந்தது.

ஒரு நாள் காலையில் செல்லம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள்.

"மதினி, ஒங்க கையக் குடுங்க. எம்புட்டு நல்ல மனசு ஒங்களுக்கு."

இத்தனை வருஷத்தில் செல்லம் ஒச்சம்மாவை நீங்க என்று சொன்னதில்லை. நல்ல மனசு இருக்கட்டும், மனசு இருப்பதாகவே ஒத்துக்கொண்டதில்லை. ஒச்சம்மா ஷோபனாவிடம் ஓடினாள்.

"சிஸ்டர், செல்லத்துக்கு என்னமோ ஆகிப்போச்சு."

"காய்ச்சலா அம்மா?"

"காய்ச்சல் இல்ல. என்னைய நல்லவன்னு சொல்றா."

ஷோபனா சிரித்துக்கொண்டேதான் வந்தாள். செல்லம் அவளைப் பார்த்து, "எங்கண்ணன் பால் வெட்டப் போச்சே, வந்துருச்சா?" என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அண்ணன், ஒச்சம்மாவின் புருஷன், செத்து எத்தனையோ மழை பெய்துவிட்டது.

"இது வயசுக் கோளாறு இல்ல அம்மா. மூத்திரத்துக் கிருமி ஒடம்புக்குள்ள ஏறியிருக்கு. வயசானவங்களுக்குச் சில நேரம் காய்ச்சல் வராது, புத்திதான் தடுமாறும்."

அதற்குள் ராஜமாணிக்கம் பாட்டிலோடு வந்து நின்றார். "ரெண்டு கலர்ல ஒண்ணு இருக்கு. பாதியா ஒடைக்கட்டா?"

ஷோபனா அந்தப் பாட்டிலை அப்போதுதான் பார்த்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

ஃபெர்ரியில் ஆம்புலன்ஸ் அக்கரை போயிற்று. வழி நெடுக செல்லம் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு அவளைப் புகழ்ந்துகொண்டே வந்தாள். ஒச்சம்மா அழுதுகொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் பெங்காலி டாக்டர் மூத்திரத்தைச் சோதித்துவிட்டு வந்து, பாதி ஹிந்தியும் பாதித் தமிழுமாகக் கேட்டார்.

"ஆதா தவாய் யார் குடுத்தது? பாதி மருந்து?"

ஒச்சம்மா சொன்னாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"பாதி அடிச்சு விட்டா கிருமி சாகாது அம்மா. அடி எப்படி விழும்னு படிச்சுட்டு வரும். இப்போ சாதா மாத்திரை கேக்காது. ஊசி போடறேன். அப்பறம் வீட்டுல பெரிய மாத்திரை. அதை பூரா முடிக்கணும். இந்தத் தடவையும் பாதியில விட்டா, அடுத்த தடவை எங்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்ல. சமஜ் கயா?"

ஒச்சம்மாவுக்கு விளங்கியது.

ஊசிகள் வேலை செய்தன. கஞ்சியில் உப்பில்லை, ஆயாவுக்குக் கண்ணில்லை, ஒச்சம்மாவுக்கு மூளையில்லை என்று ஒரு நாள் செல்லம் வாயைத் திறந்ததும் ஒச்சம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள்.

"என்னத்துக்கு ஒப்பாரி வைக்கிற? நான் செத்தா போனேன்?"

"நீ ஏசு தாயீ. நல்லா ஏசு."

இல்லத்துக்குத் திரும்பிய பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. உடம்பு தேறியதும் செல்லம் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"நல்லாத்தான இருக்கேன். மீதிய ஸ்டோர் ஐயாட்ட குடு."

"டாக்டர் முழுசாத் திங்கச் சொல்லியிருக்காருடி."

"டாக்டரா எம்புள்ளைக்குக் கஞ்சி ஊத்துனாரு? ஐயா சொல்லட்டும், திங்கிறேன்."

ஷோபனா சொல்லிப் பார்த்தாள். அன்பழகன் போனில் கத்திப் பார்த்தான். பெரியதம்பி நேரில் வந்து ஒரு சொற்பொழிவே நடத்திப் பார்த்தார். அவள் கேட்கிற வாய் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அந்த வாய் பிறந்ததிலிருந்து முழுசு என்ற வார்த்தையைச் சொன்னதில்லை.

ஒச்சம்மா போனபோது ராஜமாணிக்கம் தண்ணீரில்லாத தொட்டி மேல் கைவைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"சரி. ஒனக்காக வேணும்னா பாட்டில்ல பாதிய கொட்டிருதேன்."

"ஐயா."

"அப்ப நான் இவ்வளவு காலமாச் செஞ்சது தப்புங்கியா? அன்னைக்கு அந்தப் பாதி இல்லைன்னா லயத்துல எத்தன உசுரு மிஞ்சியிருக்கும்?"

"அரிசிக்குச் செஞ்சது சரிதான் ஐயா. நானுந்தான் தின்னேன். மிச்சம் வச்ச அரிசி எந்திரிச்சு வந்து ஆளக் கொல்லாது. மிச்சம் வச்ச கிருமி கொல்லுது. அன்பழகனக் காப்பாத்துனது நீங்க. அவன் ஆத்தாள…"

"ஸ்டாக்க நில் பண்ணி, ஒண்ணுமில்லாம ஆக்கச் சொல்லுத," என்றார் அவர். "சர்வீஸ்ல ஒரு நாளும் நான் நில் எழுதுனதில்ல."

மறுநாள் காலை டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ராஜமாணிக்கம் குழாய்த் திருகுகளைக் கொண்டுபோய் மாட்டினார். பிடித்து வைத்த தண்ணீரைத் தொட்டிக்குத் திறந்துவிடச் சொன்னார். சோப்பின் காகிதத்தைப் பிரித்தார். கை கழுவிக்கொண்டு செல்லத்தின் கட்டிலுக்கு வந்து, ஸ்டோர் கவுன்டரில் நின்ற அதே தோரணையில் நின்றார்.

"செல்லம், இஷ்யூ."

செல்லம் கையை நீட்டி வாங்கி, மறுபேச்சில்லாமல் முழுங்கினாள். வேளைக்கு வேளை அப்படியே நடந்தது. அட்டை காலியாகக் காலியாக அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மழைக்கால மேகத்தைப் பார்க்கிற பார்வையாக அந்த அட்டையைப் பார்த்தார்.

கடைசி மாத்திரை வந்தது. கொடுப்பதற்கு முன் அவரையறியாமலே விரல்கள் அதை இரண்டாக உடைத்துவிட்டன. ஒரு பாதி செல்லத்தின் கையில் விழுந்தது. மற்றப் பாதியை அவர் உள்ளங்கை மூடிக்கொண்டது.

"போதுமாங்கய்யா?" என்றாள் செல்லம்.

ஒச்சம்மா எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து அந்த மூடிய கையையே பார்த்தாள். வெளியே ஃபெர்ரி ஊதியது. ராஜமாணிக்கம் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இந்தா. இதையும் போட்டுக்க," என்று கையை விரித்தார். "ரிசர்வ் கெடையாது."

அதன்பின் செல்லத்துக்கு எரிச்சல் வரவில்லை. டாக்டர் கெடு வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பாட்டிலில் இருந்ததை எல்லாம் ஷோபனா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனாள். மருந்தை முழுசாக முடிப்பதற்கு ஒரு விழா எடுக்க வேண்டும் என்று பெரியதம்பி கல்வெட்டுக்குச் சொல்லிவிட்டார். லட்டு உண்டாம். லட்டை அவரவர் கையாலேயே தின்றுகொள்வோம் என்று செல்லம் இப்போதே சொல்லி அனுப்பிவிட்டாள், சொன்ன விதம்தான் கொஞ்சம் மோசம்.

காலிப் பாட்டிலை ராஜமாணிக்கம் கேட்டு வாங்கிக்கொண்டார். கை கழுவும் சோப்புகளைக் கத்தியால் பாதிப் பாதியாக வெட்டி அதில் போட்டு வைத்திருக்கிறார். கேட்டவர்களுக்கு ஒவ்வொரு துண்டாகக் கொடுக்கிறார், ஒருவரையும் இல்லை என்று அனுப்புவதில்லை. செல்லத்துக்கு மட்டும் முழுக் கட்டி.

ராஜமாணிக்கம் இப்போது பாம்பூஃப்ளாட்டில் அதே இல்லத்தில், சாப்பாட்டுக் கூடத்துக்கு அடுத்த அறையில் இருக்கிறார்.