காசம்மாளுக்கு வந்த சிவப்புக் கம்பளி

சோரியாங்குப்பத்துக் காசம்மாள், மார்கழிப் பனியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதையே ஒரு வேலையாகச் செய்தவள்.

ஊருக்குத் தெற்கே பெண்ணையாறு ஓடியது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். புதுச்சேரித் துறைமுகத்தில் இறங்கும் ஜப்பான் பட்டு இங்கே மலிவு. ஆற்றைத் தாண்டினால் வரி, வரிக்கு மேல் வரி. அதனால் பொழுது புலர்வதற்கு முன்னால், பனிமூட்டம் கலையாத நேரமாகப் பார்த்துச் சிலர் தலைச்சுமையாகப் பட்டு மூட்டைகளை அக்கரை சேர்ப்பார்கள். காசம்மாளின் தம்பி சுப்புராயனும் அவர்களில் ஒருவன்.

மூட்டைகள் ஆற்றில் இறங்குமுன் அக்கரை நாணல் புதரில் ஒருவர் போய் உட்கார வேண்டும். சுங்கக்காரர்கள் வரும் வண்டிப்பாதையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்பிள்ளை உட்கார்ந்தால் சந்தேகம் வரும். கையில் கதிர் அரிவாளோடு ஒரு பெண்பிள்ளை இருந்தால் புல் அறுக்க வந்தவள் என்று போய்விடுவார்கள். ஆள் வருவது தெரிந்தால் தொலைந்துபோன எருமையைக் கூப்பிடுவது போல, "ஏ கருப்பீ...!" என்று நீட்டிக் குரல் கொடுக்க வேண்டும். ஆற்றில் இருப்பவர்கள் திரும்பிவிடுவார்கள்.

"உன்னவிட நம்பிக்கையான ஆளுக்கு நான் எங்க போவேன்க்கா?" என்றுதான் சுப்புராயன் அவளை இந்த வேலைக்குக் கூப்பிட்டான்.

அவன் தவழ்ந்துகொண்டிருந்த வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். காசம்மாள்தான் அவனை இடுப்பிலேயே வைத்து வளர்த்தாள். பாகூரில் வாழ்க்கைப்பட்டு, புருஷனைப் பாம்பு கடித்துப் பறிகொடுத்து, பிள்ளை இல்லாமல் திரும்பி வந்தபோது தம்பி வீட்டில்தான் ஒண்டிக்கொண்டாள். தம்பி கேட்டால் மறுக்கும் பழக்கம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை.

முதல் நாள் அவள் ஒரு தடிச் சேலையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு போனாள். நடக்கும்போது அதுவே அதிகம் என்று தோன்றியது. முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பல் கிட்டிக்கொண்டது. நடக்கிறவளுக்கு உடம்பே அடுப்பு. உட்கார்ந்துவிட்டால் அந்த அடுப்பு அணைந்துவிடுகிறது. பனி மேலிருந்து இறங்கிச் சேலை முழுவதையும் நனைத்தது. அதைவிட மோசம், தரையிலிருந்து ஏறிய குளிர். அது இடுப்பைப் பிடித்து, முதுகில் ஏறி, பிடரி வரை போனது. நடுங்கினால் நாணல் ஆடும். நாணல் ஆடினால் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த தடவை பழஞ்சேலைகளை ஒன்றோடொன்று வைத்துத் தைத்த கந்தையை எடுத்துப் போனாள். ஈரம் குடித்து அது கல் மாதிரி கனத்தது. ஒரு வாரம் காயவில்லை. பிறகு, வயலில் ஆட்டுக்கிடை போட வந்த கீதாரியிடம் கறுப்புக் கம்பளி ஒன்றை வாங்கினாள். முரட்டுக் கம்பளி, ஆட்டு நாற்றம் அடிக்கும். ஆனால் பனித்துளி அதன் மேல் முத்து முத்தாக நின்றது. உதறினால் போய்விடும். கொஞ்சம் நனைந்தாலும் உள்ளே வெதுவெதுப்பு இருந்தது. உடம்பில் குத்தாமல் இருக்கப் புருஷனின் பழைய சொக்காயை உள்ளே போட்டுக்கொண்டாள். இறுக்கிச் சுற்றினால் கைகால் மரத்துவிடும் என்று கண்டுகொண்டு தளர்வாகப் போர்த்தினாள். ஆற்றைக் கடந்ததும் பாதத்தை ஈரம் போகத் துடைத்து, கோணித் துண்டுகளால் சுற்றிக் கட்டினாள். காதை மூடக் கூடாது, சத்தம் கேட்காது. அதனால் தலையை மட்டும் சுற்றினாள். உட்காருவதற்கு ஒரு சாக்கில் காய்ந்த வைக்கோலை அடைத்துக்கொண்டாள். அப்படி அவள் உட்கார்ந்திருந்தால், விடியலில் பார்ப்பவனுக்கு எரிந்துபோன பனங்கட்டை ஒன்று நிற்பதாகத்தான் தோன்றும்.

நாலைந்து மார்கழி இப்படிப் போனது. ஒரு தடவைகூட யாரும் பிடிபடவில்லை.

அந்த வருஷம் சுங்கக்காரர்கள் கெடுபிடியை அதிகப்படுத்தினார்கள். ஆற்றங்கரையில் புது ஆட்கள் நடமாடினார்கள். சுப்புராயன் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தான். திடீரென்று ஒரு நாள் புதுச்சேரிக்குப் போய்வந்தவன், காகிதத்தில் சுற்றிய ஒரு கட்டை அக்காவின் மடியில் வைத்தான். பிரித்தால் சிவப்புக் கம்பளி. பூப்போல மெத்தென்று இருந்தது. ஓரத்தில் வழுவழுப்பான பட்டி தைத்திருந்தது.

"எனக்காடா?"

"வேற யாருக்கு? எத்தினி வருசமா அந்த நாத்தத்தப் போத்திக்கினு கெடக்குற."

காசம்மாள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "நல்லாத்தான் கீது. ஆனா செவப்பா இருக்குதேடா. வூட்ல போத்திக்கறேன். ஆத்துக்குப் பழசே போதும்."

"மூட்டத்துல செவப்பு இன்னா, கறுப்பு இன்னா? ஒண்ணுந் தெரியாதுக்கா."

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் விடியலில் கிளம்பும்போது பழைய கம்பளியைத் தேடினாள். அது கொல்லையில் தொட்டித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி ருக்குமணி, "நாத்தம் தாங்கல அண்ணி, அதான் தொவைக்கலாம்னு போட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, கேழ்வரகுக் கூழைச் சுடவைத்துச் சொம்பு நிறையக் கொடுத்தாள். இவள் இவ்வளவு கரிசனமாக இருக்கிறாளே என்று காசம்மாளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வேறு வழியில்லாமல் சிவப்புக் கம்பளியை எடுத்தாள். சுப்புராயன் அதைத் தானே அவள் தோளில் போட்டு, காற்று நுழையாமல் கழுத்தருகே மடித்துவிட்டான். வைக்கோல் சாக்கையும் அவனே அடைத்து, வாயைத் தைத்து வைத்திருந்தான். வழக்கத்தைவிட அது கொஞ்சம் கனமாக இருந்தது. வைக்கோல் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையில் தூக்கினாள்.

அக்கரையில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கம்பளியில் குளிரே தெரியவில்லை. மூட்டம் ஆற்றின் மேல் பால் மாதிரி படிந்திருந்தது. அவள் வண்டிப்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுங்கக்காரர்களோ பாதையில் வரவில்லை. பின்புறமாக, நாணலை விலக்கிக்கொண்டு, தேடாமல் தயங்காமல் நேராக அவளிடம் வந்தார்கள்.

காலடிச் சத்தம் கேட்டதும் அவள் செய்த முதல் காரியம், எழுந்து நின்று ஆற்றைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து, "ஏ கருப்பீ...!" என்று கத்தியதுதான். ஒருவன் அவள் கையை முறுக்கினான். வலியோடு மறுபடியும் கத்தினாள். தம்பி தண்ணீரில் இருப்பான், திரும்பிப் போய்விட வேண்டுமே என்ற நினைப்பு ஒன்றுதான் அவளுக்கு.

அப்போது மூட்டம் சற்றே விலகியது. ஆற்றில் யாரும் இல்லை. மணல்திட்டில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன.

"செவப்புக் கம்பளி, சாக்கு மேல பொம்பள. சொன்னவன் சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றான் அவர்களில் பெரியவன். சாக்கைக் கத்தியால் கிழித்தான். வைக்கோலுக்கு நடுவிலிருந்து கிளிப்பச்சை நிறத்தில் பட்டுத்துணி சரிந்து விழுந்தது.

காசம்மாள் அந்தத் துணியைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

கடலூருக்குக் கொண்டுபோனார்கள். கோர்ட்டில் யார் சரக்கு என்று கேட்டபோது, தெரியாது என்று சொன்னாள். மிரட்டினார்கள். அதையேதான் சொன்னாள். வேறு யாராவது போட்டுக் கொடுத்திருக்கலாம், சாக்கில் வேறு யாராவது வைத்திருக்கலாம் என்று அவளுக்குள் ஒரு மூலையில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. தம்பியின் பேரை வாய்விட்டுச் சொன்னால் அந்த இடமும் போய்விடும் என்று பயந்தாள்.

சிறையில் மற்றப் பெண்களைப் பார்க்க யாராவது வந்தார்கள். ஒருத்திக்கு அவள் மாமியார்கூட முறுக்கு கொண்டுவந்தாள். காசம்மாளுக்கு ஒருவரும் வரவில்லை. எல்லை தாண்டி வந்தால் அவனையும் பிடித்துக்கொள்வார்கள், அதனால்தான் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சித்திரை வெயில் தொடங்கிய பிறகு வெளியே விட்டார்கள். வறண்ட ஆற்று மணலில் நடந்தே ஊர் வந்தாள். கீற்று வேய்ந்திருந்த வீட்டுக்கு இப்போது ஓடு போட்டிருந்தது. வாசலில் நின்ற ருக்குமணி அவளைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் அண்ணி. கம்பளிய நனைச்சுப் போடுன்னு அடிக்க வந்துட்டாரு. நான் இன்னா பண்ணுவேன்?"

காசம்மாள் மெதுவாகக் கேட்டாள். "கூழு காய்ச்சிக் குடுத்தியே. அப்போ காதோட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி?"

ருக்குமணியின் அழுகை இன்னும் பெரிதானது.

சுப்புராயன் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. பிறகு தானாகவே பேசத் தொடங்கினான்.

"பெரிய சரக்குக்கா. கீழ்த்துறையில கடத்தணும். சுங்கத்தானுங்கள வேற பக்கம் இழுத்தாத்தான் முடியும். யாராவது மாட்டித்தான் ஆவணும். ஆம்பளன்னா அடிச்சே கொன்னுடுவானுங்க. பொம்பளன்னா கொஞ்ச நாள்ல வுட்டுடுவானுங்க. எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன்."

"யோசிச்சியா?"

"சத்தியமா. உனக்குக் குளிரக் கூடாதுன்னு கடைகடையா ஏறி நல்லதாப் பாத்து எடுத்தேன்க்கா."

அதைச் சொல்லும்போது அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. காசம்மாளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. அவன் பொய் சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள், மண்ணை வாரித் தூற்றியிருப்பாள்.

"கழுத்துகிட்ட காத்து நொழையாம மடிச்சுவுட்டியே சுப்புராயா. அவனுங்க வரானுங்கன்னு அப்பவே உனக்குத் தெரியும் இல்ல?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அன்றிரவு அவள் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. புருஷனின் சொக்காயையும் இரண்டு சேலைகளையும் முடிந்துகொண்டு ஏம்பலம் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஒரு கரும்பாலையில் பாகு காய்ச்சும் வேலை கிடைத்தது. கொப்பரை அடுப்பின் அனலிலேயே அவள் நாள் கழிந்தது. பதம் பார்ப்பதில் கெட்டிக்காரி என்று பேர் எடுத்தாள். சோரியாங்குப்பத்தம்மா என்று கூப்பிட்டார்கள். எதற்காக ஊரை விட்டு வந்தாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு குணம் மட்டும் அவளிடம் மாறிப்போயிருந்தது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். ஆலைக்காரர் மனைவி ஆண்டாள் ஒரு தீபாவளிக்குப் புதுச்சேலை எடுத்துக் கொடுத்தாள். காசம்மாள் கையை நீட்டாமல், "எதுக்கு?" என்று கேட்டாள். "சும்மாதாம்மா, ஆசையா எடுத்தேன்" என்றாள் ஆண்டாள். "வேணாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குக் காய்ந்த கரும்புச் சோகை தள்ளப் போய்விட்டாள். ஆண்டாளுக்கு மனத்தாங்கல். அடுத்த வருஷம் கொடுக்கவில்லை.

உலகச் சண்டை வந்து, ஆற்றங்கரையில் காவல் இறுகிப்போன பிறகு சுப்புராயன் பழைய தொழிலை விட்டான். கொஞ்சம் நிலம் வாங்கிக் கரும்பு போட்டான். ஒரு மாசி மாதம் கரும்பு வண்டியை ஓட்டிக்கொண்டு அந்த ஆலைக்கே வந்தான். தெரிந்து வந்தானோ தெரியாமல் வந்தானோ. தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. வண்டியை நடுவிலேயே விட்டுவிட்டு, கொப்பரை அருகில் நின்ற அவளிடம் வந்தான்.

"அக்கா."

காசம்மாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். ஒரு சொம்பில் கரும்புச்சாற்றை மொண்டு, வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் கொடுப்பது போல நீட்டினாள்.

"வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க."

அவன் கை நீட்டவில்லை. "இன்னாக்கா இது? என்னப் போயி வாங்க போங்கன்னு..." என்றான்.

அவள் சொம்பை மேடையில் வைத்தாள். அவனைத் தாண்டி வண்டியைப் பார்த்தாள்.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க. பின்னால ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க."