பூட்டு கைகட்டி நின்ற மதியம்

எங்கள் நடன அரங்கின் வாயில்காவலரை எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தே இல்லாத ஆள். டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவர் பக்கத்தில் இருக்கும்வரை எவனைப் பார்த்தும் பயமில்லை. அப்பா அம்மா போனபின் ஒரே தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். அவனுக்கு ஒன்று என்றால் துடித்துப்போவார்.

ஞாயிறு மதியங்களில் கேபர் இசை போட ஆரம்பித்தார்கள். ஆணி அறைவதுபோல் நிமிடத்துக்கு இருநூறு அடி விழும். ஆடுகிறவர்கள் காலை உதறி உதைப்பார்கள். முதல் வாரமே பூட்டு அதைச் சண்டை என்று நினைத்துப் பாய்ந்து, சிவனே என்று ஆடிக்கொண்டிருந்த ஒருவனின் தாடையைப் பெயர்த்துவிட்டார். இரண்டு பல் தரையில் கிடந்தது.

"இனிமே உறுதியாத் தெரியாம கைய வச்சே, அப்படியே வீட்டுக்குப் போயிடு," என்றார் முதலாளி.

தம்பிக்கு அந்த இசை என்றால் பைத்தியம். கேபர் என்றால் என்ன அர்த்தம் என்று பூட்டு கேட்டபோது, "கூட்டாளிண்ணே" என்றான். யூதர்களின் பேச்சுமொழியிலிருந்து ஏதோ ஒரு தூரதேசத்துத் தெருப்பேச்சுக்கு வந்த சொல்லாம். 'வெறும் கூட்டாளிக் கும்பல்' என்று யாரோ ஏளனம் செய்ய, ஆடியவர்கள் அதையே பேராக்கிக்கொண்டார்களாம்.

"பேரு நல்லாத்தான் இருக்கு. காதுதான் போவுது," என்றார் பூட்டு.

நான்காவது வாரம், டிக்கெட் தீர்ந்து நான் உள்ளே வந்தபோது, மேடைக்குக் கீழே ஐந்தாறு பேர் வட்டமாக நின்று உதைத்துக்கொண்டிருந்தார்கள். கால்கள் தாளத்தோடுதான் இறங்கின.

"சண்டை மாதிரி இருக்குண்ணே," என்று உள்ளே காவல் நின்ற பூட்டின் காதில் கத்தினேன்.

"ஆடுறானுங்க. எனக்குத் தெரியும்," என்று கைகட்டி நின்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஓங்கிய ஒரு பூட்ஸின் நுனி சிவப்பாக இருந்தது. பூட்டு பாய்ந்தார். ஒருவன் மூக்கை ஒலிபெருக்கியில் நசுக்கினார். இன்னொருவன் கையை முறுக்கினார். எலும்பு முறிந்தது கேட்கவில்லை, அவன் வாய் பிளந்ததைத்தான் பார்த்தேன். கடைசி ஆளைத் தூக்கி எறிந்தபோது தரையில் சுருண்டு கிடந்தது தம்பி. உதைத்தவர்கள் அவனோடு வாராவாரம் ஆட வந்தவர்கள். ஒரு பெண்ணைப் பற்றி ஏதோ வாய்த்தகராறு, அவ்வளவுதான்.

இடது கண் போய்விட்டது. மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரியில் பேசினான்.

"ஏண்ணே அவ்ளோ நேரம் வரல? வாசல்லயா இருந்தே?"

ஆமாம் என்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான்கூடத் தலையாட்டியிருப்பேன்.

"இல்லடா. பத்தடி தள்ளி நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்றார் பூட்டு.

தம்பி மீதியிருந்த கண்ணையும் மூடிக்கொண்டான்.