எலுமிச்சை வைத்த கை

எட்டு ஆண்டுகள். அதற்கு மேல் என் கணவர் வாங்கவிருந்த மின்சாரக் கார் தாங்காது என்று எங்கள் குடும்பம் நம்பியது. எட்டாம் ஆண்டு பேட்டரி செத்துவிடும், புதுப் பேட்டரிக்கு ஆகும் செலவில் இன்னொரு காரே வாங்கலாம், பழைய இரும்பு எடுப்பவன்கூட அதை ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். இவை எங்கள் வீட்டில் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளாக உலவின. விற்பனையாளர் பேட்டரிக்குக் கொடுத்த உத்தரவாதக் காலத்தையே காரின் ஆயுட்காலம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஜாதகத்தில் ஆயுள் பாவம் பார்த்துப் பழகியவர்களுக்கு, எந்தப் பொருளுக்கும் முடிவுத் தேதி ஒன்று தெரிந்தால்தான் மனம் அமைகிறது போலும்.

நம்பாதவர் ஒருவர்தான்: என் கணவர். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பணி ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவர். அவருக்கு மின்சாரத்தின்மேல் இருந்த நம்பிக்கை, சிலருக்கு முருகன்மேல் இருக்கும் நம்பிக்கையைப் போன்றது. நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. பள்ளி நூலகத்தில் காலம் கழித்தவள் ஆகையால், இரு தரப்புக் கட்டுரைகளையும் படித்தேன். இரண்டும் படிக்கும்போது சரியாகவே தோன்றின.

எதிர்த்தரப்பின் தலைவர் என் கணவரின் ஒரே அண்ணன். நான் அவரை அத்தான் என்று அழைப்பேன். பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினில் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்மேல் வலது உள்ளங்கையை வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து, கண்களை மூடிக்கொள்வார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலிருக்கும். பிறகு கண்ணைத் திறந்து எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தானும், நான் அக்கா என்றழைக்கும் அவர் மனைவியும் எங்கள் ஜெலுத்தோங் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். அண்ணனும் தம்பியும் மீன் குழம்பில் கைவைத்தபடியே வாதாடுவார்கள். வெயிலில் நின்றால் பேட்டரி என்னாகும், வெள்ளத்தில் மாட்டினால் என்னாகும், விற்கப் போனால் யார் வாங்குவார். வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் இதையே பேசினார்கள், நாசி கண்டார் சோற்றுக் கடைகளில் இதையே பேசினார்கள், கைப்பேசியில் எரியும் கார்களின் படங்கள் நாள்தோறும் வந்து விழுந்தன. அத்தான் எல்லாவற்றையும் விட ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: அதன் கனம். அத்தனை பேட்டரியையும் அடிவயிற்றில் கட்டிக்கொண்டு ஓடுகிற வண்டி டயரைத் தின்றுவிடும் என்பார். ஓசை இல்லாமையைப் பற்றி அவர்கள் ஒருநாளும் வாதாடியதில்லை. அது ஒரு வசதி என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி வாங்கினால் கோயில் வாசலில் பூசை போட்டு, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதை எல்லோரும்தான் செய்கிறார்கள். ஆனால் எங்களில் அந்தப் பழத்தை அத்தான்தான் வைக்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் மாமனார் இளவயதிலேயே போய்விட, தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அத்தான். வீட்டுக்கு முதல் மோட்டார் சைக்கிள் வந்த நாளிலிருந்து, குருக்கள் மந்திரம் சொல்லலாம், கற்பூரம் காட்டலாம்; பழம் அண்ணன் கையால்தான். அவர் வைத்து எழுந்த பிறகு ஓட்டுபவர் எஞ்சினை முடுக்குவார். அந்த உறுமல்தான் எங்களுக்கு அடையாளம். அது கேட்டதும் குழந்தைகள் விலகுவார்கள், பெண்கள் தட்டை எடுத்துக்கொள்வார்கள், மணி அடிக்கும், வண்டி நகரும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. காதே பழகியிருந்தது.

கார் பதிவாகி வந்த வாரம், காரைக் காடி என்றே சொல்லிப் பழகிய அத்தான் சாப்பாட்டு மேசையில் சொன்னார்:

"அந்தக் காடிக்கு நான் பழம் வைக்க மாட்டேன். போனுக்குக்கூடத்தான் சார்ஜ் போடுறோம், அதுக்கெல்லாம் பூசையா பண்றோம்?"

எல்லோரும் சிரித்தோம். என் கணவரும் சிரித்தார். ஆனால் அன்று அவர் இரண்டாவது முறை சோறு வாங்கவில்லை. கார் எட்டு ஆண்டு ஓடினாலென்ன, எண்பது ஆண்டு ஓடினாலென்ன, அண்ணன் பழம் வைக்காத வண்டியை அவரால் தன்னுடையது என்று எண்ண முடியாது. அது எனக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரியும்.

பூசை நாளன்று எங்கள் வழக்கமான பிள்ளையார் கோயிலின் வாசலில் காரை நிறுத்தியிருந்தோம். வெள்ளை நிறம், நெற்றியில் சந்தனம், மல்லிகைச் சரம். குருக்கள் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். என் கணவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே பழத்தை வைக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தபோது, அத்தானின் பழைய கார் புகையும் சத்தமுமாக வந்து நின்றது. அக்கா முதலில் இறங்கினாள். பின்னால் இறங்கிய அத்தானின் சட்டைப்பை புடைத்திருந்தது. எலுமிச்சம்பழங்கள். அவர் வீட்டு மரத்திலேயே பறித்தவை, இலைகூட ஒட்டியிருந்தது.

"வேற எவன் வந்து வைப்பான்னு நெனச்ச?" என்றார் தம்பியைப் பார்த்து.

என் கணவரின் முகம் அப்போது எப்படி மலர்ந்தது என்பதை நான் எழுத முயலப்போவதில்லை. அவர் சிறுபிள்ளையைப் போல் ஓடிப்போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

அத்தான் பின்சக்கரங்களுக்கு வைத்தார், முன்சக்கரங்களுக்கு வைத்தார், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். என் கணவர் அதைப் பார்த்தார். அவருக்கு முன்னால் இருந்த திரை ஒளிர்ந்து, கார் புறப்பட ஆயத்தமாக இருந்தது. வெளியே நின்ற எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. கோயில் வாசல் தரை சற்றே சரிவு. இடப்புற முன்சக்கரத்தின் பழம் உருண்டு விலகியதைக் கண்ட அத்தான், மறுபடி குனிந்தார். எஞ்சின் ஓசை எழவில்லையே; அவர் காதுக்கு இன்னும் எதுவும் தொடங்கவில்லை. அவர் முதல்முறை எழுந்ததைக் கண்டிருந்த குருக்கள் மணி அடித்தார்; கார் நகர்ந்தது. மெல்ல நகரும்போது அந்தக் கார் ஏதோ முனகுமாம். மணியோசையில் அதுவும் அடங்கிப்போயிற்று.

அத்தான் அலறவில்லை. அதுதான் இன்றும் என்னை உலுக்குகிறது. நான் உடைக்க வேண்டிய தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சக்கரத்தின் அருகே ஒருவர் மண்டியிட்டிருக்கிறார், அவருடைய வலது கையின் முடிவு எங்கே என்று என் கண் தேடுகிறது, கண்டுபிடிக்க முடியவில்லை. இவ்வளவுதான் என் அறிவுக்கு எட்டியது. எலுமிச்சையின் மணம் எழுந்தது. எங்கள் எல்லோருக்கும் அது நல்ல மணம் என்று பழக்கம். ஒரு கணம் நான் மகிழ்ச்சிகூட அடைந்தேன் என்று நினைக்கிறேன்.

"தம்பி, பின்னால எடு" என்றார் அத்தான், மிகச் சாதாரணமாக, பட்டறையில் சொல்வது போல.

என் கணவருக்குப் பின்னால் எடுக்கத் தெரியவில்லை. கை பழக்கத்தின்படி, அங்கே இல்லாத கியர் தண்டைத் துழாவிற்று. அந்தக் காரில் அது ஒரு சிறிய குமிழ். அவர் அதைத் தேடிய நேரமெல்லாம், அவர்கள் ஞாயிறுதோறும் வாதாடிய அத்தனை கனமும் அத்தானின் கைமேல் நின்றது.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. அத்தானின் கார் பின்னால் இருந்த வண்டிகளுக்குள் சிக்கியிருந்தது. தயாராக நின்றது மாலை போட்ட புதுக் கார்தான். கோயிலில் யாரோ கொடுத்த மஞ்சள் துண்டில் கையைச் சுற்றி, அத்தானை முன்னிருக்கையில் உட்கார வைத்தோம். என் கணவர் சாவியை என்னிடம் நீட்டிவிட்டு அக்காவோடு பின்னால் ஏறினார்; நான் ஓட்டினேன். மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அத்தான் தலையைச் சாய்த்து, கண்களை மூடி, எதையோ கேட்பது போலிருந்தார். சிவப்பு விளக்கில் நின்றபோது கண்ணைத் திறந்தார்.

"சத்தமே இல்லையேடா" என்றார்.

குற்றம் சாட்டும் குரலன்று. வியப்பும் அன்று. தன் வீட்டுக் கதவைத் திறந்தவர் உள்ளே வேறு யாருடைய வீடோ இருக்கக் கண்டது போன்ற குரல்.

மருத்துவமனை நடையில் அக்கா என் கணவரிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "போய் மொகத்தக் கழுவு தம்பி. சந்தனம் கண்ணுல எறங்குது." அவர் கழுவப் போய் நெடுநேரம் திரும்பவில்லை.

மூன்று விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. எஞ்சின்மேல் விரித்து வைக்கும் உள்ளங்கை இனி விரியாது என்று மருத்துவர் தன்மையாகத்தான் சொன்னார். பட்டறையை அங்கே வேலை செய்தவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது இதைவிட என்னைத் திகைக்க வைத்தது. உறவினர் ஒருவர் இச்செய்தியைக் குடும்பக் குழுவில் எழுதி, பார்த்தீர்களா, அப்போதே சொன்னோம் என்று முடித்திருந்தார். அது எப்படியோ வெளியே போயிற்று. சில வாரங்களில், முன்பின் தெரியாத யாரோ அனுப்பியதாக அதுவே எங்களிடம் திரும்பி வந்தது. பினாங்கில் கோயில் வாசலில் நின்ற மின்சாரக் கார் தானாகப் பாய்ந்து ஒருவரைக் கொன்றுவிட்டதாம். அதன் கீழே பதில்களில் சண்டை: காரைக் குறை சொன்னவர்கள் ஒருபுறம், பூசையைக் கேலி செய்தவர்கள் மறுபுறம், அதற்குக் கொதித்தவர்கள் இன்னொருபுறம். அத்தான் அதை எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து, இடது கையால் தோசையைப் பிய்த்துக்கொண்டே படித்தார்.

"நான் செத்துட்டேனாம் லா" என்றார் அக்காவிடம். "கருமாதிக்கு யாரையெல்லாம் கூப்பிட்ட?"

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அத்தான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, என் கணவர் இல்லாத பக்கம் பார்த்தபடி, அவருக்குக் கேட்கும்படி சொன்னார்:

"என் கையை வெச்சு யாரும் பேச்சுப்போட்டி நடத்த வேணாம். காடி நல்லதோ கெட்டதோ, அது வேற கத."

என் கணவர் அந்தக் காரைத் தொடவில்லை. விற்றுவிட முடிவு செய்து ஒரு வியாபாரியை வரவழைத்தார். வந்தவர் கதவைக்கூடத் திறக்காமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இதையெல்லாம் எடுத்து வைத்தால் என்னிடமே கிடக்கும் அண்ணே என்றார். மதிப்பு விழும் என்று அத்தான் சொன்னது பலித்துவிட்டது. அன்று மாலையே அத்தான் வந்தார். வாதத்தில் வென்றதைச் சொல்லிக் காட்டத்தான் வருகிறார் என்று நான் அஞ்சினேன். அவரோ விற்க வேண்டாம் என்று தடுத்தார். கைக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு வாரந்தோறும் அந்தக் காரில்தான் போவதாகவும், தன்னைக் கூட்டிப்போக வேண்டியது நான்தான் என்றும் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பிடிவாதமா, பெருந்தன்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்படிப் பல வாரங்கள் போனோம். வழியில் அவர் கதவின்மேல் காதைச் சாய்த்துக்கொள்வார். சக்கரங்களின் ஓசை, காற்றின் ஓசை, இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கப் பழகிக்கொண்டார். "இடது பக்கம் டயர் தேயுது. நான் சொல்லல?" என்பார், திருப்தியோடு.

அவ்வாண்டு ஆயுத பூசைக்கு அத்தான் எலுமிச்சம்பழங்களோடு வந்து நின்றார். எங்கள் வீட்டு வாசலிலேயே கார் நின்றது. நான் சாவியை எடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தார்.

"நீ ஏறு."

"வேணாண்ணே."

"ஏறுடா. பழத்த வெச்சுட்டு நான் எவ்வளவு நேரம் வெயில்ல நிக்கிறது?"

என் கணவர் ஏறினார். அத்தான் இடது கையால் நான்கு பழங்களையும் வைத்தார். குனிந்து எழ முன்னைவிட நேரமானது. வைத்து முடித்ததும் காரின் முன்னால் வந்து, ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக நின்று, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். நேரான ஐந்து விரல்கள் ஒரு பக்கம், மடங்கிய விரல்கள் மறுபக்கம். கண்ணாடிக்குப் பின்னால் என் கணவர் நெடுநேரம் அசையாமல் இருந்தார். அத்தானும் கையை இறக்கவில்லை. பிறகு அவர் பக்கவாட்டில் விலகி, தன் பழைய பட்டறை வழக்கப்படி காரின் முன்மூடியில் ஒரு தட்டுத் தட்டினார். கார் நகர்ந்தது. பழங்கள் நசுங்கிய சத்தம், வேறெந்த ஓசையும் இல்லாததால், தெளிவாகக் கேட்டது.

அடுத்த ஆயுத பூசைக்கு அத்தான் இல்லை. கைக்கும் அதற்கும் தொடர்பில்லை, நெஞ்சுவலி, அவ்வளவுதான். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது யாரோ ஒருவர், மெல்லிய குரலில், அந்தக் காரின் பேட்டரி இன்னும் எப்படி இருக்கிறது என்று என் கணவரிடம் கேட்டார். வாதம் இன்னும் முடியவில்லை என்றே நினைக்கிறேன். வானொலியில் இப்போதும் பேசுகிறார்கள்.

அக்கா எங்களோடு வந்துவிட்டாள். பழம் வைப்பது இப்போது என் கணவர். வைத்துவிட்டு முன்னால் வந்து இரு கைகளையும் காட்டுவார். ஓட்டுவது நான். அக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பார்ப்பாள். வைக்க, ஓட்ட, பார்க்க என்று அந்த ஒரு வேலைக்கு நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்.