பதினேழு மாட்டுக்குறிகளும் என் அனுமதிப் பத்திரமும்

டிசெம்பர் முடிய இரண்டே நாள் இருந்தது. அதற்குள் என் மிருக வைத்திய அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்காவிட்டால், பொங்கலுக்கு நான் வைத்தியன் இல்லை. யுத்த காலம். அந்தப் பத்திரத்தைக் காட்டினால்தான் மூதூர் இறங்குதுறை ஆமிச் சாவடியில் மருந்துப் பெட்டியை விடுவார்கள். அது இல்லாதவன் கையில் ஊசி இருந்தால் என்ன நடக்கும் என்று இதை வாசிக்கிற அடியார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் கட்டைபறிச்சானில் மாடுகளுக்குத் தொண்டையடைப்பான் நோய் தொடங்கியிருந்தது. மருந்தோ குடாவுக்கு அக்கரையில், திருகோணமலையில். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பது வயது மனிதன், மாட்டுக் கொட்டிலுக்குள் நின்று அழுதேன். மாடு என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வைக்கோலைத் தின்றது.

வழக்கமாகத் திருகோணமலை மிருக வைத்திய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, நான் உண்மையாகவே தொழில் செய்கிறேனா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பார். அந்த வருஷம் அவரால் எங்கள் பக்கம் வர முடியவில்லை. “மாட்டுக்காரர் பதினைஞ்சு பேரிட்டயாவது கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ” என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள்.

ஊரில் அதிகம் மாடு வைத்திருக்கும் நாகராசா அண்ணையிடம் அந்தக் கடதாசியைக் கொடுத்திருந்தேன். நான் லோஞ்சுப் படகுக்குப் புறப்படுகிற காலையில்தான் கொண்டுவந்து தந்தார். விரித்துப் பார்த்தேன். ஒரு பெயர்கூட இல்லை. சூலம், வில்லும் அம்பும், அரைப்பிறை என்று பதினேழு படம். ஒவ்வொரு குடும்பமும் தன் மாட்டின் தொடையில் சுடுகிற குறி!

“என்ன அண்ணை இது? கையெழுத்தெல்லோ கேட்டனான்!”

“எங்கட ஊரில நாலு நாகராசா. பேரை எழுதினா எந்த நாகராசா எண்டு கந்தோரில எப்பிடித் தெரியும்? குறி எண்டா பிழைக்காது.”

“மாடோ எனக்கு அனுமதி தரப்போகுது?”

“நீர் வைத்தியம் பாக்கிறது எனக்கோ, மாட்டுக்கோ?”

கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். திரும்ப வீடு வீடாக அலைய நேரம் இல்லை.

சாவடியில் ஓர் ஆமிக்காரத் தம்பி கடதாசியை விரித்தார். வில், அம்பு, சூலம். முகம் மாறிவிட்டது. “இது என்ன? மெப்?” என்று தனக்குத் தெரிந்த இரண்டு சொல்லில் கேட்டார். ஏதோ வரைபடம் என்று நினைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லை எடுத்துவிட்டேன். “ஹரக்! ஹரக்!” அதாவது மாடு. நான் தன்னைத்தான் மாடு என்கிறேனோ என்று அவர் யோசித்தது கண்ணிலேயே தெரிந்தது. என்னை மர வாங்கில் இருத்தி, பக்கத்தில் துவக்கோடு ஒருவரையும் நிறுத்திவிட்டார்கள்.

லோஞ்சு கூவியது. கண்ணை மூடினேன். “பிள்ளையாரப்பா, எனக்குச் சிங்களம் வராது, அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வராது. ரெண்டு பேருக்கும் விளங்கக்கூடிய ஆள் ஒராளை அனுப்பு” என்று கெஞ்சினேன்.

கண்ணைத் திறந்தால், அடையாள அட்டை எதுவும் காட்டாமல் ஒரு நாம்பன் மாடு சாவடிக்குள் வந்துகொண்டிருந்தது. மண்மூட்டையடியில் கிடந்த வாழைப்பழத் தோலைத் தின்னத் தொடங்கியது. வலது தொடையில் வில்லும் அம்பும். நாகராசா அண்ணையின் நாம்பன்!

துள்ளி எழுந்தேன். தொடையைக் காட்டினேன், கடதாசியைக் காட்டினேன், ஊசி போடுகிற மாதிரி நடித்தும் காட்டினேன். அந்தத் தம்பி கடதாசியை நாம்பனின் தொடையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், தொப்பி கீழே விழுந்துவிட்டது. அதோடு விடவில்லை. துறையடியில் நின்ற மற்ற மாடுகளையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, “ஐயா, ஐயா!” என்று கூப்பிட்டுச் சூலக்குறியைத் தொட்டுக் காட்டினார். லோஞ்சை மறித்து என்னை ஏற்றிவிட்டதும் அவர்தான்.

கந்தோரில் அதிகாரி கடதாசியைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். பிறகு ஒரு பழைய பதிவுக் கொப்பியை எடுப்பித்தார். மாட்டுக்குறி எல்லாம் அரசாங்கத்தில் பதிந்ததுதானே. குறிக்கு நேரே ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், எல்லாம் இருந்தது. “கையெழுத்தெண்டா நீரே பதினேழும் போட்டிருப்பீர் எண்டு நினைச்சிருப்பன். இதை ஆர் கள்ளமாப் போடுவினம்?” என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

மறுநாள் மருந்தோடு ஊர் திரும்பினேன். இரண்டு மாடுகள் போய்விட்டன. மிச்சமெல்லாம் தப்பின.

அதுவரை நான் பிள்ளையார் கோயிலடியில் சைக்கிளில் இருந்தபடியே ஒற்றைக் கையால் கும்பிட்டுவிட்டுப் போகிறவன். இப்போது இறங்கி, செருப்பைக் கழற்றி, நின்று கும்பிடுகிறேன். உங்களுக்கும் ஏலாமல் போகிற நாள் வரும். அன்றைக்கு வெட்கப்படாமல் அவரிடம் கேளுங்கள். ஆனால் ஆர் வரவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் ஒரு பெரிய மனிதர் வருவார் என்று நினைத்துத்தான் கேட்டேன். வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. பழத்தோலைத் தின்று முடித்துவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டார்.