அந்தக் கரையிலிருந்து வந்த அம்மா

அன்பர்களே, என் வாய்க்கு மூளையிடம் அனுமதி கேட்கும் பழக்கம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ரயில்வே ஒர்க்ஷாப்பில் என்னைச் 'சாவு வீட்டிலும் சிரிக்க வைப்பவன்' என்பார்கள். அதைப் பாராட்டு என்றே நம்பிக்கொண்டிருந்த ஆள் நான்.

என் மனைவி ரேவதி உண்டாகியிருந்தபோது மலைக்கோட்டைக்குப் போனோம். நல்லபடியாகப் பிரசவமானால் வாழைத்தார் வைப்பதாகத் தாயுமானவரிடம் வேண்டிக்கொண்டாள். காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுபோன ஒரு தாய்க்குப் பதிலாக, அவள் உருவிலேயே வந்து மகளுக்குப் பிரசவம் பார்த்த ஈசன் அல்லவா? நானும் கைகூப்பினேன்.

"சாமி, என் மாமியார் வரவேணாம். நீயே வந்துடு. நீ சீரியல் பார்க்கமாட்டே."

ரேவதி நறுக்கென்று கிள்ளினாள்.

பிரசவம் நெருங்கிய நேரத்தில், மணப்பாறையில் மாமியார் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். சாமியிடம் நான் பேசியதை யாரிடமும் சொல்லவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. என் தாய் முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் பெரியவர்கள் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டவும் பத்தியம் சமைக்கவும் ஓர் அம்மாவை அனுப்பும்படி ஏஜென்சிக்குப் போன் செய்தேன்.

அதற்குள் ரேவதி தூக்கத்தை விட்டாள். பிறகு பேச்சை விட்டாள். பிள்ளை வீறிட்டு அழும். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு ஜன்னலில் நின்றால், ஆற்றுக்கு அப்பால் மலைக்கோட்டை தெரியும். "அலுப்புதான், சரியாயிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூண்டுக் குழம்பு என்று நான் வைத்த எதையோ பார்த்து ஒரு ஜோக் அடித்தேன். அவள் கண் இமைக்கவே இல்லை.

ஒருநாள் உச்சி வெயில். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அழுகிற பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, செருப்பு மாட்டி, வாசற்கதவருகே நிற்கிறாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"இது நம்ம பிள்ளை இல்லீங்க." குரல் அவ்வளவு சாந்தமாக இருந்தது. "இதோட அம்மா ஆத்துக்கு அந்தக் கரையில நிக்கிறாங்க. கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. தண்ணியில இறங்கிக் கொடுத்துட்டு வந்துடறேன்."

சிரித்துவிட்டேன். என் முட்டாள்தனம் அப்படி. பிறகு அவள் கண்களைப் பார்த்தேன். அங்கே என் ரேவதி இல்லை. பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். அவள் பிடி இறுகியது. பிள்ளையின் அழுகை சட்டென்று நின்றது. இழுத்தால் பிள்ளைக்கு ஆபத்து. விட்டால் இருவரையும் ஆறு கொண்டுபோகும். மனதுக்குள் கதறினேன். 'அன்னைக்கு விளையாட்டாச் சொன்னேன். இப்ப நிஜமாச் சொல்றேன். வா!'

காலிங் பெல் அடித்தது.

ரேவதியை மறித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். வாசலில் ஓர் அம்மா, கையில் மஞ்சப்பை. மழையே இல்லை, ஆனால் முழங்கால்வரை சேலை நனைந்திருந்தது. என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அந்தக் கரையிலேருந்துதான் கண்ணு வரேன். பிள்ளையைக் குடு."

ரேவதி கொடுத்துவிட்டாள்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "மசமசன்னு நிக்காதீங்க தம்பி. ஆட்டோ கூப்பிடுங்க. இவளை டாக்டர்கிட்ட காட்டணும்."

பிரசவமான சிலருக்கு வரும் மனநோய் இது, வைத்தியம் உண்டு, தாமதித்திருந்தால் ஆபத்து என்றார் டாக்டர். அன்றே ரேவதியை அட்மிட் செய்தோம். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு எங்கள் கூடவே இருந்தார்.

சாயங்காலம் ஏஜென்சியிலிருந்து போன். "என்ன சார், நீங்க கொடுத்த எடமலைப்பட்டி புதூர் வீடு பூட்டிக் கிடக்கு? எங்க ஆளு திரும்பி வந்துட்டாங்க. நாளைக்கு அனுப்பட்டுமா?"

பதற்றத்தில் பழைய வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறேன். மெல்லத் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். சேலை இன்னும் காயவில்லை.

"வேணாங்க, ஆளு வந்துட்டாங்க" என்றேன்.

நீங்கள் யார் என்று கேட்க நாக்கு வரை வரும். கேட்டால் போய்விடுவாரோ என்ற பயத்தில் விழுங்கிவிடுவேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது வாழ்க்கையிலேயே அப்போதுதான். மருந்து வேலை செய்தது. வீடு திரும்பிய பிறகு, சாம்பிராணிப் புகையில் பிள்ளையின் தலையைக் காயவைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் ஒருநாள் ரேவதி கை நீட்டினாள். "என் பிள்ளையைக் கொடுங்கம்மா." அடுப்படியில் நின்று அழுதேன்.

வாழைத்தாரை நானே சுமந்து படியேறி வைத்துவிட்டு வந்தேன். சந்நிதியில் இப்போது நான் ஜோக் அடிப்பதில்லை. பிரசவமான வீட்டில் ஒரு பெண் பேச்சையும் தூக்கத்தையும் விட்டுவிட்டால், அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் ஓடுங்கள். ஓடிக்கொண்டே அவனையும் கூப்பிடுங்கள். மனதுக்குள் கூப்பிட்டாலும் போதும், அவனுக்குக் காது கேட்கிறது.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? ரேவதி தேறி எழுந்த ஒரு காலையில், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் கேட்டேவிட்டேன். "அம்மா, உங்களை இங்க யாரு வரச்சொன்னது?"

"நீங்கதானே வான்னீங்க; வெந்நீர் என்னாச்சு?"