கயிற்றுக்கு வெளியே ஓர் அக்கா

தீப்பெட்டியால் உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமலே மூடினாள். பவுண்டரிக் கயிற்றை ஒட்டி, குட்டி போட்ட பூனையாய் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்ததில் புல்லில் தடமே விழுந்துவிட்டது.

அவள் கோச்சாக இருக்கும் பெண்கள் அணிக்கு இன்று அரையிறுதி ஆட்டம். ஆனால் அவளை அலைக்கழித்தது ஆட்டம் அல்ல. பந்து வீசும் பக்கத்து ஸ்டம்புக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு நின்றாளே, அந்த அம்பயர் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. வரவேண்டிய அம்பயருக்குக் காய்ச்சல். கடைசி நேரத்தில் இவளை அனுப்பிவிட்டார்கள். அக்காவும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

தீப்பெட்டி என்பது அணிப் பெண்கள் வைத்த பெயர். உரசினால் போதும், பற்றிக்கொள்வாள். காலையில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பின்சீட்டில் மண்டையை உடைத்துக்கொள்ளும் பிள்ளைகளை அதட்டி அதட்டி, மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மாலையில் அதே வேனில் மட்டைகளையும் மருந்துப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவாள். வயிற்றில் ஒன்று பிறக்கவில்லை. இந்தப் பெண்கள்தான் பிள்ளைகள்.

இவர்களுக்கெல்லாம் முந்திய பிள்ளை தங்கை. அம்மா கண்ணை மூடியபோது அவளுக்குத் தானாகத் தலை பின்னக்கூடத் தெரியாது. தினமும் முழங்காலுக்கிடையே உட்காரவைத்து, "அசையாதடி, வகிடு கோணிக்கும்" என்று உச்சியில் ஒரு குட்டு வைத்துப் பின்னிவிட்டது இந்த அக்காவின் கைதான்.

அந்த உரிமைதான் வினையாக முடிந்தது.

போன மாதம் ஒரு ஆட்டத்தில் தங்கை, தீப்பெட்டியின் பெண் ஒருத்திக்கு எல்.பி.டபிள்யூ. அவுட் கொடுத்தாள். தீப்பெட்டி கயிற்றைத் தாண்டிப் பாய்ந்துவிட்டாள். "ஏண்டி, கண்ணாடிக் கடையில தானே வேலை பாக்குற? வரும்போது ஒண்ணை எடுத்து மாட்டிட்டு வரக்கூடாதா?"

வேடிக்கை பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதன்பின் தங்கை கையை அசைத்தாலே நாலு பக்கமும் "கண்ணாடி! கண்ணாடி!" என்று கூச்சல். தீப்பெட்டியின் பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். ஆட்டம் முடிந்ததும் தங்கை யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாள். மறுநாள் புகார் கொடுத்ததும் அவளேதான்.

லீக் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். "ஏதாவது கேக்கணும்னா கேப்டனை அனுப்புங்கம்மா. நீங்களே பேசணும்னா கயித்துக்கு வெளிய நின்னு, 'அம்பயர்'னு கூப்பிட்டு, அனுமதி கேட்டுப் பேசுங்க. வாடி போடி எல்லாம் வீட்டோட. இன்னொரு புகார் வந்துச்சு, அப்புறம் எந்த அணிக்கும் நீங்க கோச் இல்ல."

வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டதே என்று அன்று முழுக்க அழுதாள். எலக்ட்ரீஷியன் கணவர்தான் தூது போனார். திரும்பி வந்து தங்கை சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "மாமா, வீட்டுக்கு வர்றேன், அக்கா என்னை நாலு அடி அடிக்கட்டும், வாங்கிக்கிறேன். ஆனா அங்க அவ 'டி' போட்டா, நேத்து பேட் பிடிச்ச பொண்ணும் நாளைக்கு 'டி' போடும். அப்புறம் நான் விரலைத் தூக்குனா யாரு மதிப்பா?"

அதன்பின் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் தீப்பெட்டி வேன் கண்ணாடியைப் பார்த்து, "அம்பயர், ஒரு நிமிஷம்... அம்பயர், தயவுசெஞ்சு..." என்று சொல்லிப் பார்த்தாள். பாகற்காயை மென்றதுபோல் இருந்தது.

இன்று கணவரும் வந்திருந்தார். அவள் நடக்கும் வேகத்தைப் பார்த்துச் சட்டைப்பையிலிருந்து கறுப்பு டேப் சுருளை எடுத்து நீட்டினார். "முன்ஜாக்கிரதையா வாயில ஒட்டிக்கிறியா?"

"உங்க வாயில முதல்ல ஒட்டுறேன்." பிடுங்கி மருந்துப்பெட்டிக்குள் எறிந்தாள்.

ஜெயிக்க இன்னும் கொஞ்சம் ரன்தான். தீப்பெட்டி அணியின் கேப்டன், சிறந்த ஆட்டக்காரி, பேட்டோடு நின்றாள். பந்து வந்தது. நேராக, இடி மாதிரி அடித்தாள்.

தங்கைக்கு விலக நேரமில்லை. பந்து அவள் முன்கையில் மோதிய சத்தம் கயிறு வரை கேட்டது. எகிறி மேலே போனது. பந்து வீசியவள் ஓடிப்போய்க் கையில் பிடித்துக்கொண்டு, "ஹவ்ஸ் தட்!" என்று கத்தினாள்.

தங்கை முழங்காலிட்டுச் சரிந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அடிபட்ட கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையை மெல்ல உயர்த்தினாள். விரல் ஒன்று நின்றது. அவுட்.

"கோச்! அம்பயர் மேல பட்ட பந்து!" பெண்கள் கொதித்தெழுந்தார்கள். "கண்ணா..." என்று ஒருத்தி தொடங்கினாள்.

"வாயை மூடுங்கடி!" தீப்பெட்டி திரும்பிய வேகத்தில் எல்லோரும் பின்வாங்கினார்கள். "அம்பயர் மேல பட்டாலும் கேட்ச் கேட்ச்தான். அவங்க குடுத்தா குடுத்ததுதான்."

மருந்துப்பெட்டி அவள் கையில். கால் கயிற்றின் மேல். ஐயோ, அந்தக் கயிறு! தாண்டினால் இன்னொரு புகார். அங்கே வலியில் துடிப்பதோ அவள் தலை பின்னிவிட்ட குழந்தை. உடம்பெல்லாம் முன்னால் பாய்ந்தது. கால் மட்டும் நின்றது. புகாருக்குப் பயந்தா? இல்லை. வலியோடு வலியாக உயர்த்திய அந்த ஒற்றை விரலைப் பார்த்த பிறகு, அவளால் அந்தக் கயிற்றை மிதிக்க முடியவில்லை.

"அம்பயர்!" கயிற்றுக்கு வெளியே நின்றபடியே கூப்பிட்டாள். "அம்பயர், நான் உள்ள வரலாமா?"

தங்கை தலை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த நல்ல கையால் அழைத்தாள்.

"வாங்க, கோச்."

ஓடிப்போய் மண்டியிட்டாள் தீப்பெட்டி. பனிக்கட்டியைத் துண்டில் சுற்றி வீங்கிய கையில் வைத்து, மேலே கணவரின் கறுப்பு டேப்பை வரிந்து ஒட்டினாள்.

"வலிக்குதுக்கா," என்றாள் தங்கை, உதடு அசையாமல்.

தீப்பெட்டியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பந்து வீசியவளும் மற்ற அம்பயரும் பக்கத்திலேயே நின்றார்கள்.

"அசையாதீங்க, அம்பயர்," என்றாள்.

பழக்கதோஷம், கை குட்டு வைக்க உச்சிக்குப் போய்விட்டது. பாதியில் நின்றது. கோணியிருந்த வெள்ளைத் தொப்பியை மட்டும் நேராக்கிவிட்டு எழுந்தாள்.

அடுத்த ஆட்டக்காரி உள்ளே வந்துகொண்டிருந்தாள். தீப்பெட்டி வேகமாக நடந்து கயிற்றுக்கு வெளியே வந்தாள். கணவர் நாற்காலியை நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.